முப்பத்திரண்டு அட்டைகள்

சென்னிமலை
12.11.1995

அன்புத் தம்பி அன்புமணிக்கு அக்கா ராமாத்தாள் எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, சளி விட்டதா? இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், வரவில்லை. பதறாமல் படி. உன் மச்சான் உயிரோடு இருக்கிறார்.

தீபாவளிக்கு நீ கம்பெனியிலிருந்து எடுத்து அனுப்பிய கிரைண்டர் வியாழக்கிழமை காலையில் அவரைப் பிடித்துக்கொண்டது. நான் இட்லிக்கடைச் சட்னிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தேன். உளுந்து ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வழிந்த மாவை ஈரத்துணியால் துடைக்கப் போனவர் அப்படியே நின்றார். முகம் சிரிக்கிற மாதிரி இருந்தது. "என்ன வெளையாட்டு, கடையில ஆளுக நிக்கறாங்க" என்று அதட்டினேன். பக்கத்துத் தையல் கடை அமீர் ஹம்சா அண்ணன் ஓடி வந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிய பிறகுதான் அவர் கீழே விழுந்தார்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தோம். வலது கையில் நடுவிரல்கள் மூன்றும் மடங்கவில்லை. நரம்பு வெந்துவிட்டது என்கிறார்கள். அரிசி மண்டியில் கொக்கி போட்டு மூட்டை இழுக்கிற கை அது.

எனக்கே இரண்டு தடவை சுர்ரென்று இழுத்தது. ஈரக்கையோடு தொட்டது என் தப்பு என்று விட்டுவிட்டேன். நீ அந்தக் கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறவன். ஒரு நடை வந்து பார்த்து, இது எதனால் என்று சொல்லிவிட்டுப் போ.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்கா ராமாத்தாள்

•

பீளமேடு
கோயமுத்தூர்
18.11.1995

மதிப்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும் அன்புமணியின் வணக்கம். கடிதம் கண்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மச்சானுக்கு விரலில் உணர்ச்சி இருக்கிறதா? தினமும் வெந்நீர் ஒற்றடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

உடனே வர ஆசைதான். கார்த்திகை முகூர்த்தத்துக்கு ஆர்டர் குவிந்திருக்கிறது, லீவு தரமாட்டேன் என்கிறார்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் வீட்டு ஒயரிங் பழையது. பிளக்கில் எர்த் சரியாக இல்லாவிட்டால் எந்தக் கிரைண்டரும் இழுக்கும். அதனால் யாரையும் குறை சொல்ல முடியாது. கிரைண்டரை இனித் தொட வேண்டாம். வேறு யாரையும் திறக்கவும் விடாதீர்கள். லாரி சர்வீஸில் என் பெயருக்குப் போட்டுவிடுங்கள், நானே சரி செய்து அனுப்புகிறேன். அதோடு பச்சை நிறத்தில் ஒரு டெஸ்டிங் அட்டை வந்திருக்கும். அதையும் மறக்காமல் டிரம்முக்குள் வைத்து அனுப்பவும்.

தங்கள் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி
அன்புமணி

•

சென்னிமலை
3.12.1995

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. உனக்குச் சோறு இறங்கட்டும். மச்சானுக்கு வெந்நீர் ஒற்றடம் கொடுக்கிறேன். விரல் மூன்றும் அவருடையவை இல்லாத மாதிரி நீட்டிக்கொண்டே நிற்கின்றன.

ஒயரிங் பழசு என்று எழுதியிருந்தாய். நியாயமான பேச்சு என்று எலக்ட்ரீஷியன் ஐயாசாமியைக் கூப்பிட்டு வீடு முழுக்கப் பார்க்கச் சொன்னேன். எர்த் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதாம். பிறகு நீ திறக்காதே என்று சொன்னதைத் திறந்தோம். ஊர்க்காரர் நாலு பேரை வைத்துக்கொண்டுதான் திறந்தோம். கரண்ட் ஒயர் அடித்தகட்டில் நசுங்கித் தோல் உரிந்து கிடக்கிறது. எர்த் ஒயரைப் பாடியில் ஸ்க்ரூ போட்டு முடுக்கவே இல்லை. அறுந்து போகவில்லை தம்பி, முடுக்கவே இல்லை. முடுக்க வேண்டிய இடத்தில் பெயிண்ட் புதுசாக அப்படியே இருக்கிறது.

"மீட்டர் வெச்சுப் பாத்திருந்தா கம்பெனியிலயே காட்டியிருக்குமுங்க. பாக்காம அனுப்பிப்போட்டாங்க" என்றார் ஐயாசாமி.

பார்த்துத்தான் அனுப்பினோம் என்று அட்டை சொல்கிறது. அடியில் ஒரு கையெழுத்தும் இருக்கிறது. அது யார் போட்டது என்று விசாரித்து எழுது. கிரைண்டர் இங்கேயே இருக்கட்டும். நுகர்வோர் மன்றத்தில் மனுப் போடலாம், வக்கீல்கூட வேண்டாம் என்று அமீர் ஹம்சா அண்ணன் சொல்கிறார்.

கோயமுத்தூரிலிருந்து மூன்று மணி நேரம்தான் பஸ். ஞாபகப்படுத்துகிறேன்.

அக்கா ராமாத்தாள்

•

பீளமேடு
15.12.1995

மதிப்புள்ள அக்காவுக்கு வணக்கம். மச்சானுக்கு என் அன்பைச் சொல்லவும். நான் சுகமாக இருக்கிறேன்.

முதலாளி சுப்பண்ணன் ஐயாவிடம் எல்லாம் சொன்னேன். மிகவும் வருத்தப்பட்டார். "உங்க அக்கா வேற, எங்க அக்கா வேறயா தம்பி. புதுசே அனுப்பிப்போடலாம்" என்றார். மேனேஜர் அங்கே வருவார். அக்கா, தயவு செய்து மன்றம், கேஸ் என்று போக வேண்டாம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நான் எத்தனை கம்பெனி வாசலில் நின்றேன் என்று உங்களுக்குத் தெரியும். எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு, கூட்டிப் பெருக்குகிற வேலை இருக்கிறது என்று சொன்னவர்கள்தான் அதிகம். இவர் ஒருவர்தான் மீட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். அந்தச் சோற்றைத்தான் நான் தின்கிறேன்.

கையெழுத்து யாருடையது என்று கேட்டிருந்தீர்கள். டெஸ்டிங்கில் நாலு பேர் இருக்கிறோம்.

தம்பி
அன்புமணி

•

சென்னிமலை
9.1.1996

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. பொங்கல் வருகிறது, பனியில் தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு வேலைக்குப் போ. இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை, இருந்த பொறுமைதான் போய்விட்டது.

உங்கள் மேனேஜர் புதுக் கிரைண்டரோடு வேனில் வந்தார். மாலை போடாதது ஒன்றுதான் குறை. தெருவே கூடிவிட்டது. இறக்கி வைத்துவிட்டுச் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "சும்மா ஒரு பார்மாலிட்டிங்க, ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க" என்றார். மச்சான் பேனாவை இடது கையில் வாங்கிக்கொண்டு தடுமாறினார். நான் பிடுங்கி அமீர் ஹம்சா அண்ணனைப் படிக்கச் சொன்னேன். ஈரக்கையோடு இயந்திரத்தைக் கையாண்ட எங்களுடைய அஜாக்கிரதையே விபத்துக்குக் காரணம் என்று அதில் எழுதியிருந்தது.

"ஏனுங்க, கையும் எங்களுது, தப்பும் எங்களுதா? அப்ப எதுக்குங்க புதுக் கிரைண்டரு?" என்று கேட்டேன். வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

மனு எழுத ஆரம்பித்துவிட்டோம். உனக்குத் தெரியாமல் எதையும் செய்ய மாட்டேன் என்பதால் சொல்கிறேன். பொங்கலுக்குக் கட்டாயம் வா. பேசிக்கொள்ளலாம்.

அக்கா ராமாத்தாள்

•

சென்னிமலை
11.2.1996

அன்புமணிக்கு அக்கா எழுதுவது. பொங்கலுக்கு நீ வரவில்லை. தைப்பூசத்துக்கு மலையில் ஊரே திரண்டிருந்தது, அதற்கும் வரவில்லை. ஒரு கார்டுகூட இல்லை. உடம்புக்கு ஏதாவது என்றால் சொல்லி அனுப்பு.

மனுவோடு வைப்பதற்காக அந்தப் பச்சை அட்டையை நேற்று ஜெராக்ஸ் எடுத்தோம். இதுவரை கையெழுத்தை மட்டும்தான் பார்த்திருந்தேன். நேற்றுத்தான் தேதியைப் பார்த்தேன். 2.10.95.

தம்பி, அன்றைக்கு ஆயுத பூஜை. காந்தி ஜெயந்தியும் சேர்ந்து வந்த நாள். சாமானையெல்லாம் கழுவிப் பொட்டு வைத்துச் சாமி முன்னால் வைத்தால், மறுநாள் எடுக்கிற வரைக்கும் யாரும் தொடமாட்டார்கள். எங்கள் கடையில் அன்று தோசைக் கரண்டியைக்கூட எடுக்கவில்லை. அக்கம்பக்கம் எல்லாம் சாமானைத் தொடாமல் இருக்கிறார்கள் என்று அமீர் ஹம்சா அண்ணனும் கத்தரியைக் கையில் எடுக்கவில்லை. உங்கள் கம்பெனியில் மட்டும் பூஜையில் இருக்கிற மீட்டரை எடுத்து டெஸ்ட் செய்தார்களா?

கையெழுத்தையும் இன்னொரு தடவை பார்த்தேன். கடைசி எழுத்தை மேலே தூக்கிச் சுழித்து, கீழே ஒரு கோடு. உன் கடிதம் ஒவ்வொன்றின் அடியிலும் அந்தச் சுழி இருக்கிறது. பெட்டியிலிருந்து நாலைந்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மச்சானிடம் சொல்லவில்லை.

நீ டெஸ்ட் செய்தாயா, இல்லையா? இதற்கு மட்டும் பதில் எழுது.

ராமாத்தாள்

•

பீளமேடு
26.2.1996

அக்கா,

செய்யவில்லை.

பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலமே எல்லாச் சாமானையும் துடைத்து வைத்துவிட்டோம். சுப்பண்ணன் ஐயா என்னைப் பூஜை அறைக்குள் கூப்பிட்டார். சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "உன்ற மீட்டருக்கு நீயே பொட்டு வெய்யி தம்பி" என்றார். மற்ற வேலையாட்கள் எல்லாம் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நம் தெருவிலிருந்து போன ஒருவனுக்கு அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் பூஜை முடிந்ததும் தீபாவளிச் சரக்கு ஏற்ற லாரி வந்துவிட்டது. பாகமெல்லாம் பூட்டி முடித்து, டெஸ்ட் மட்டும் செய்யாமல் முப்பத்திரண்டு கிரைண்டர் நின்றன. மீட்டரை எடுக்கட்டுமா என்று கேட்டேன். "பூஜையில வெச்சதைத் தொடக்கூடாது. நம்ம சரக்கு நமக்குத் தெரியாதா. அட்டையில கையெழுத்துப் போட்டுப்போடு" என்றார். பொரியைத் தின்றுகொண்டே முப்பத்திரண்டு அட்டையிலும் போட்டேன். நான் வைத்த பொட்டை நானே கலைத்து மீட்டரை எடுக்க மனசு வரவில்லை. அந்தக் கிண்ணம் இன்னொரு வருஷமும் என் கைக்கு வர வேண்டும் என்ற ஆசைதான் அக்கா, வேறில்லை.

அதில் ஒன்றை உங்களுக்கு என்று நானே பொறுக்கி எடுத்தேன். கல் நல்ல கல்லாக இருந்தது.

அட்டையை மன்றத்தில் கொடுத்தால் நான் ஒருவன்தான் மாட்டுவேன். அவன் போட்ட கையெழுத்து, எனக்கு என்ன தெரியும் என்று முதலாளி சொல்லிவிடுவார். மச்சான் முகத்தில் எப்படி விழிப்பது என்று தெரியாமல்தான் வராமல் இருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

அன்புமணி

•

சென்னிமலை
5.3.1996

தம்பிக்கு அக்கா எழுதுவது. நல்லா இருக்கிறாயா என்று கேட்க இன்றைக்கு வாய் வரவில்லை, மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மச்சானுக்கும் படித்துக் காட்டினேன். மறைத்துவைக்க நான் யார், கை அவருடையது. இடது கையால் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு, "மச்சினன் கையெழுத்தை வெச்சு எனக்கொரு கேசு வேண்டாம். அட்டையை அடுப்புல போடு" என்றார். போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாளாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

உன் கடிதம் முழுக்க உன் வேலை, உன் முதலாளி, உன் வெட்கம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. முப்பத்திரண்டில் ஒன்று என் வீட்டில் இருக்கிறது. மீதி முப்பத்தொன்று எங்கே? எந்தெந்த வீட்டில், எந்தப் பொம்பளை, எந்த ஈரக்கையால் தொட்டுக்கொண்டிருக்கிறாள்? நாலு மாதமாக அதைப் பற்றி ஒரு வரி எழுதினாயா?

அட்டையோடு மனு போகிறது. அதில் கம்பெனி பெயர் மட்டும்தான் இருக்கும், உன் பெயரை நான் எழுதவில்லை. யார் கையெழுத்து என்று கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்பேன். நீயாகச் சொல்வதானால் நீயே வந்து சொல். உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை.

ராமாத்தாள்

•

சென்னிமலை
16.6.1996

அன்புமணி,

கம்பெனியின் பதில் மனு ரிஜிஸ்தர் தபாலில் வந்தது. இட்லிக்கடை வைத்திருக்கிறவள் வியாபாரி, அவள் நுகர்வோரே அல்ல என்று எழுதியிருக்கிறார்கள். சிரித்துவிட்டேன். சொந்தக் கையால் உழைத்து வயிறு கழுவுகிறவர்களும் நுகர்வோர்தான் என்று மூன்று வருஷத்துக்கு முன்பே சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது என்று ஈரோட்டு நுகர்வோர் சங்கத்தார் சொன்னார்கள். அது கிடக்கட்டும்.

பின்னால் இணைத்திருந்த தாளைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. 'அன்புமணி ஆகிய நான் மேற்படி கிரைண்டரை 2.10.95 அன்று முறைப்படி சோதனை செய்தேன், எவ்விதப் பழுதும் இல்லை என உறுதி கூறுகிறேன்.' அடியில் உன் சுழி.

பதில் போடாமல் இருந்த மூன்று மாதமும் நீ யோசித்துக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன். மச்சானிடம்கூட அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன்.

'செய்யவில்லை' என்று நீ எழுதிய கடிதம் என்னிடம் இருந்தது. அதை மன்றத்தில் காட்டினால் கேஸ் அன்றைக்கே முடிந்துவிடும் என்று அமீர் ஹம்சா அண்ணன் சொன்னார். பொய்ச் சத்தியம் செய்ததற்கு நீ ஜெயிலுக்குப் போனாலும் போகலாமாம். நாள் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யில்லை. என் கையால் அதைக் கொடுக்க முடியவில்லை. மச்சானுக்குத் துரோகம் செய்கிறேன் என்று தெரிந்துதான் செய்கிறேன்.

கடிதத்தை இதோடு அனுப்பியிருக்கிறேன். ஜெராக்ஸ் எடுக்கவில்லை. கிழிப்பதானால் நீயே கிழி. வாய்தா ஜூலை 18.

ராமாத்தாள்

•

பீளமேடு
14.7.1996

மதிப்புள்ள அக்காவுக்கு அன்புமணி வணக்கத்துடன் எழுதுவது. மச்சானுக்குத் தூக்கம் வருகிறதா? எனக்கு வரவில்லை.

நான் எழுதியதை நானே படித்தேன். யாரோ ஒரு கோழை எழுதிய மாதிரி இருந்தது. கிழிக்க முடியவில்லை. மறுநாள் டெஸ்பாட்ச் புத்தகத்திலிருந்து முப்பத்தொரு கிரைண்டரும் போன கடைகளை எழுதிக்கொண்டேன். கடைக்காரர்களைப் பிடித்து வீட்டு விலாசம் வாங்கினேன். காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு ஊர் ஊராகப் போகிறேன். கம்பெனியிலிருந்து இலவச சர்வீஸ் என்று சொன்னால் காபி வேறு கொடுக்கிறார்கள். இதுவரை இருபத்தாறு பார்த்தாகிவிட்டது. இருபத்து நாலில் எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டில் எர்த் ஒயரை முடுக்கவில்லை.

அந்த இரண்டில் ஒன்று காங்கயத்துப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் இருந்தது. வீட்டுக்கார அம்மா பலகை போட்டு அதன்மேல் நின்று ஆட்டிக்கொண்டிருந்தார், இடுப்பில் பால் குடிக்கிற குழந்தை. எதற்குப் பலகை என்று கேட்டேன். "கீழ நின்னா சுருக்குனு கடிக்குமுங்க. எல்லாக் கிரைண்டரும் கொஞ்சம் கடிக்கத்தானுங்க செய்யும்? பலவை போட்டுட்டா ஒண்ணும் தெரியறதில்லீங்க" என்றார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே குழந்தை டிரம்மைப் பிடிக்கக் கையை நீட்டியது. நான் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன். அந்த அம்மா பயந்துவிட்டார். ஒயரை முடுக்கிவிட்டு, முதலில் நானே தரையில் நின்று டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன்.

பதினெட்டாம் தேதி நான் வருவேன். என் கடிதத்தை நானே கொடுப்பேன். அன்றைக்கு நீங்களோ மச்சானோ என்னிடம் பேச வேண்டாம். பேசினால் அழுதுவிடுவேன், சொல்ல வந்ததைச் சொல்ல முடியாது.

தம்பி
அன்புமணி

•

சென்னிமலை
21.7.1996

அன்புத் தம்பி அன்புமணிக்கு அக்கா ஆசியுடன் எழுதுவது. கம்பெனிக்கு நீ இனிப் போவாயோ மாட்டாயோ தெரியவில்லை, அதனால் ரூம் விலாசத்துக்கு எழுதுகிறேன். சாப்பிட்டாயா? அன்றைக்குச் சட்டை தொளதொளவென்று தொங்கியதைப் பார்த்தேன்.

நீ சொன்னபடியே நாங்கள் பேசவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

கம்பெனி வக்கீல் எழுந்தார். "ஏனம்மா, இவரு உங்க கூடப்பிறந்த தம்பிதானே?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். "அக்காவுக்காக இப்பப் புரட்டிப் பேசறார், அப்படித்தானே?" என்றார். அறையே என்னைப் பார்த்தது. எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியவில்லை. "அக்காவுக்காகப் பேசறவனா இருந்தா மொதல்லயே பேசியிருப்பானுங்க. எட்டு மாசம் உங்க பக்கந்தானுங்க நின்னான். உங்களுக்காகப் பொய்ச் சத்தியமே பண்ணுனான். இன்னைக்குத்தான் யாருக்காகவும் இல்லாம வந்து நிக்கறான்" என்றேன். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் சுப்பண்ணன் இருந்தார். தலை நிமிரவில்லை.

தீர்ப்பு அடுத்த மாதம். ஜெயிக்குமா என்று சொல்லத் தெரியவில்லை. அக்கா தம்பி என்பதாலேயே உன் பேச்சைத் தள்ளினாலும் தள்ளுவார்களாம். விற்ற முப்பத்திரண்டு கிரைண்டரையும் திறந்து பார்த்து இரண்டு வாரத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று மட்டும் அன்றைக்கே கம்பெனிக்கு உத்தரவு போட்டுவிட்டார்கள். நீ பார்க்காமல் விட்ட ஐந்தும் அதில் வந்துவிடும். அதைக் கேட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது.

உன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. போகவில்லை. மச்சான் சட்டைப் பட்டன் போட முடியாமல் நிற்கும்போதெல்லாம் வருகிறது, இனியும் வரும்.

ஒன்று உனக்கு எழுதியதே இல்லை. அடிபட்டதிலிருந்து மச்சான் யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை. இடது கையில் ஸ்பூனைப் பிடித்து, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறார். நான் பார்த்தாலே தட்டை வைத்துவிடுவார். விருந்து, விசேஷம் எதற்கும் போவதில்லை.

மன்றத்திலிருந்து மச்சானும் நானும் பஸ்ஸில் வந்தோம். பெருந்துறை தாண்டியதும், "அடுத்த வார ஞாயித்துக்கிழமை அன்புமணியை வரச் சொல்லு" என்றார். எதற்கு என்று கேட்டேன்.

"ரெண்டு பேருக்கும் சேத்து எலை போடு. அவனப் பாத்து உக்காந்து திங்கறேன்" என்றார்.

உன் அக்கா
ராமாத்தாள்